மருத்துவச் சீர்திருத்தம் என்றால் எத்தனை நகல்?

வரிசை எண் 43:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த அலுவலகம், எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு முழுக்க அந்தக் கட்டடத்தையே சுற்றி வரும். எனக்கு வேண்டியது அதுவல்ல.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து நான்கு வருடம் ஆகிறது. வாரத்துக்கு 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். செலவை அரசுத் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. அந்தத் திட்டம் இல்லையென்றால் அப்பா இல்லை, அதை மறக்க மாட்டேன். வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அங்கேதான் வினை. ‘நோய் இன்னும் தொடர்கிறது’ என்று மருத்துவரிடம் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். செத்துப்போன சிறுநீரகம் நடுவில் எப்போதாவது பிழைத்து வந்திருக்கிறதா என்று அப்பாவே சிரிப்பார்.

இந்த வருடம் திட்டத்தைச் சீர்திருத்தி எல்லாவற்றையும் ஆன்லைன் ஆக்கியிருக்கிறார்கள். அதாவது, படிவத்தைப் போர்ட்டலில் நிரப்ப வேண்டும். சான்றுகளை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். ஏற்றியதை அச்சடிக்க வேண்டும். அச்சடித்ததில் கையெழுத்துப் போட்டு, அதே சான்றுகளின் நகலை இணைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முன்பு ஒரு வேலையாக இருந்தது, இப்போது இரண்டு.

போன வாரம் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்கு வைத்த ஓட்டை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. குனிந்தால்தான் உள்ளே இருப்பவருக்குக் கேட்கும். அப்பா குனிந்தார். அடையாள அட்டையில் இருக்கும் பெயருக்கும் மருத்துவமனைப் பதிவில் இருக்கும் பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசமாம். “இது நீங்கதான்னு எப்படித் தெரியும்?” என்றார் அந்த அம்மா.

அப்பா ஒன்றும் பேசாமல் இடது கைச் சட்டையை மேலே சுருட்டினார். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குத் தெரியும், ஃபிஸ்டுலா (ஊசி ஏற்ற வசதியாக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைப்பது) போட்ட இடத்தில் நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கும், கை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது அதிர்வாகத் தெரியும். அந்தக் கையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் காட்டினார். அந்த அம்மா பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அப்புறம் சொன்னார்: “தெரியுது ஐயா. ஆனா பேப்பர்ல வேணும்.”

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

உலகம் முழுக்க மருத்துவச் சீர்திருத்தம் என்கிறார்கள். யாருக்குக் காப்பீடு, எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகை என்றுதான் பேச்சு. கோப்பை யார் சுமப்பது என்று எங்காவது யாராவது பேசியிருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பின்வரிசை:

என் அத்தைக்கு ‘உயிரோடு இருப்பதற்கான சான்று’ கேட்டார்கள். நேரில்தான் வந்திருந்தார். போன வருடச் சான்று இல்லையாம். இந்த வருடம் உயிரோடு இருக்கிறார், சரி, போன வருடம் இருந்தாரா என்பது கேள்வி. இழையைத் தொடர்கிறேன்.

கண்ணாடிக்கதவு:

வருத்தமாக இருக்கிறது நண்பரே. ஆனால் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அரசு எதைத் தொட்டாலும் இப்படித்தான். வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் இல்லாத இடத்தில் குனிந்துதான் பேச வேண்டும். இதைத் தனியாரிடம் விட்டால் ஓட்டையை முகத்துக்கு நேராக வைப்பார்கள்.

கிளெய்ம்காரன்:

//தனியாரிடம் விட்டால் ஓட்டையை முகத்துக்கு நேராக வைப்பார்கள்//

வைப்போம். ஏசியும் போடுவோம். உட்காரச் சொல்லிவிட்டு “முன் அனுமதி வரலையே சார்” என்போம்.

11 வருடமாகக் காப்பீட்டுக் கிளெய்ம் வேலை பார்க்கிறேன். இந்தத் தொழிலில் ‘குவெரி எழுப்புவது’ என்று ஒரு கலை உண்டு. மருத்துவமனையிலிருந்து சிகிச்சைக்கு அனுமதி கேட்டு வரும். மறுக்க வேண்டியதில்லை, ஒரு கேள்வி கேட்டால் போதும். “நோய் எப்போது தொடங்கியது, ஆதாரம் தரவும்.” அவர்கள் பதில் அனுப்புவதற்குள் ஒரு நாள் போகும். பதிலில் மருத்துவர் முத்திரை இல்லையென்றால் இன்னொரு நாள். சிலர் கைக்காசைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் கணக்கில் அது மறுப்பு ஆகாது. ‘ஆவணம் வராததால் முடித்துவைக்கப்பட்டது’, அவ்வளவுதான்.

தனியார் காப்பீட்டைப் பெரிதும் நம்பும் பணக்கார நாடு அமெரிக்கா. அங்கே முதியோருக்கான மெடிகேர் திட்டத்தைத் தனியார் நிறுவனங்கள் வழியாக எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. 2022இல் அந்த நிறுவனங்களுக்கு வந்த முன் அனுமதிக் கோரிக்கைகள் சுமார் 4 கோடியே 60 லட்சம். மறுக்கப்பட்டவை 7 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். சின்ன எண்தானே என்று தோன்றும், கோடியில் பெருக்கிப் பாருங்கள். மறுக்கப்பட்டவர்களில் மேல்முறையீடு செய்தவர்கள் பத்தில் ஒருவர். செய்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் ஜெயித்திருக்கிறார்கள்.

கடைசி இரண்டு வரியைச் சேர்த்துப் படியுங்கள். கேட்டால் கிடைக்கிறது, ஆனால் பத்தில் ஒன்பது பேர் கேட்பதில்லை. வியாபாரமே அந்த ஒன்பது பேரில்தான் நிற்கிறது. என் சம்பளமும்தான், மறைப்பானேன்.

கண்ணாடிக்கதவு:

சரி, காப்பீட்டு நிறுவனங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த மெடிகேர் விதிகளை எழுதியதும் அரசுதானே?

ஓய்வுபெற்ற எழுத்தர்:

31 வருடம் அந்தக் கண்ணாடிக்கு உள்ளே இருந்தவன் நான். ஓட்டை ஏன் இடுப்பு உயரத்தில் இருக்கிறது தெரியுமா தம்பி? உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் வாய்க்கு நேராக வைத்தார்கள். வெளியே ஒருவர் நிற்பார் என்று வரைந்தவருக்குத் தோன்றவில்லை. யோசித்தால் எங்கள் விதிகள் எல்லாமே அப்படி வரைந்தவைதான்.

திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் எழுத்து வித்தியாசத்தை நான் கண்டுகொள்ளாமல் கோப்பை மேலே அனுப்புகிறேன் என்று வையுங்கள். மூன்று வருடம் கழித்துத் தணிக்கை வரும். தணிக்கைக்காரர் உங்கள் அப்பாவின் கையைப் பார்க்க மாட்டார், காகிதத்தைத்தான் பார்ப்பார். “பெயர் வேறுபாடு இருந்தும் ஒப்பளிப்பு வழங்கப்பட்டது ஏன்?” ஆடிட் அப்ஜெக்‌ஷன். விளக்கம் கேட்டு மெமோ வரும். போன தொகையைச் சம்பளத்தில் பிடிக்கலாம், பதவி உயர்வு தள்ளிப்போகும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் பணப்பலன் கைக்கு வராமல் அலைந்தார். லஞ்சம் வாங்கியவர் இல்லை. இரக்கப்பட்டவர்.

மாறாக, “திருத்தி வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினால் எனக்கு என்ன ஆகும்? ஒன்றுமே ஆகாது. திருப்பி அனுப்பப்பட்டவர் வராமலே போனால் என் நிலுவைக் கணக்கில் ஒன்று குறையும். மாதாந்திர அறிக்கையில் நல்ல பெயர்கூடக் கிடைக்கும். தவறாகக் கொடுத்ததற்குத் தணிக்கை உண்டு. தவறாக மறுத்ததற்கு இன்றுவரை எந்தத் தணிக்கையும் நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா ‘தெரியுது ஐயா’ என்று சொன்னாரே, நானாக இருந்தால் அதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். தெரிகிறது என்று ஒப்புக்கொள்வதே வம்பு.

வரிசை எண் 43:

ஐயா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம்தான் வந்தது. ‘தவறாக மறுத்ததற்குத் தணிக்கை இல்லை’ என்ற வரியில் நின்றுவிட்டேன். கிளெய்ம்காரன் சொன்ன பத்தில் ஒன்பது பேரும் இதுவும் ஒன்றுதானே? அரசோ தனியாரோ, சோர்ந்துபோய் வீட்டுக்குத் திரும்புகிறவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

இரவுப்பணி:

தாதியாக இருக்கிறேன், 16 வருடம். படிவங்களை எல்லோரும் வைகிறீர்கள், நானும் வைவேன். ஒரு ஷிஃப்டில் நோயாளியைத் தொடும் நேரத்தைவிடத் திரையைத் தொடும் நேரம் அதிகம். நோய்க்குறியீடுகளைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அமெரிக்காவில் 2015 அக்டோபரில் கொண்டுவந்த ஐசிடி-10 பட்டியலில் கிட்டத்தட்ட 70,000 குறியீடுகள். வாத்து மோதியதால் வந்த காயத்துக்கு ஒன்று உண்டு. விமான எஞ்சின் உள்ளே இழுத்துக்கொண்டதற்கும் உண்டு. அந்தக் குறியீட்டில் முதல் வருகை, மறுவருகை என்று பிரிவு வேறு. எஞ்சினுக்குள் போனவர் மறுவருகை தருகிறார் என்றால் அவரைக் கும்பிட வேண்டும்.

ஆனால் எல்லாக் காகிதத்தையும் கொளுத்திவிடலாம் என்று யாராவது கிளம்பினால் நான் குறுக்கே நிற்பேன்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. ஒரே தாள், 19 கேள்விகள். நோயாளி இவர்தானா, எந்தப் பக்கம் அறுக்கிறோம், ஒவ்வாமை உண்டா, கடைசியில் பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்ததில் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8க்கு இறங்கியது. அதுவும் படிவம்தான்.

இன்னொன்று. 1960 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தாலிடோமைடு மாத்திரையின் விண்ணப்பம் வந்தது. தூக்கத்துக்கும் கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்த மாத்திரை அது. வேறு பல நாடுகளில் அது ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. ஃபிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையார் அப்போதுதான் வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சும்மா கையெழுத்துப் போடும் கோப்பு என்றுதான் கொடுத்தார்கள். அன்றைய சட்டப்படி 60 நாளில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் தானாகவே அனுமதி கிடைத்துவிடும். அவர் ‘தகவல் போதவில்லை’ என்று திருப்பினார். மறுபடி 60 நாள், மறுபடி திருப்பினார். கம்பெனிக்காரர்கள் மேலதிகாரிகளிடம் போய், பிடிவாதக்காரி, வேலை செய்ய விடுவதில்லை என்று புகார் செய்தார்கள். 1961 நவம்பரில் ஜெர்மனியில் அந்த மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகம் முழுக்கக் கை கால் வளராமல் பிறந்த குழந்தைகள் 10,000க்கும் மேல். அமெரிக்காவில் மிகச் சிலரே, அதுவும் கம்பெனி சோதனைக்கென்று மருத்துவர்களிடம் கொடுத்துவைத்த மாத்திரைகளால். 1962இல் அதிபர் கென்னடி கையால் கெல்சிக்கு விருது. அந்த வருடமே மருந்துச் சட்டத்தையும் இறுக்கினார்கள்.

கோப்பை நிறுத்திவைத்த அதிகாரிதான் அவரும்.

பின்வரிசை:

சிலிர்க்கிறது சகோதரி. ஆனால் ஒரு வித்தியாசம் கவனித்தீர்களா? கெல்சி காகிதம் கேட்டது கம்பெனியிடம். மருந்தை விழுங்கப்போகிற கர்ப்பிணியிடம் இல்லை.

இரவுப்பணி:

அதேதான். நானே எழுதியிருக்க வேண்டும். சரிபார்ப்புப் பட்டியலும் அப்படித்தான், பதில் சொல்வது நாங்கள். மயக்கத்தில் படுத்திருப்பவர் ஒன்றும் நிரப்புவதில்லை.

தென்றல்79:

இழைக்குத் தாமதமாக வருகிறேன். பொதுச் சுகாதாரக் கொள்கை படித்தவள், பாடம் நடத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 43 கேட்டாரே, கோப்பை யார் சுமப்பது என்று யாராவது பேசியிருக்கிறார்களா என்று. பேசியிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் தப்பு நடந்த பிறகு.

நல்ல உதாரணம், அதாவது கெட்ட உதாரணம், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம். 2018 ஜூனில் அங்கே ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தில் ஒரு சீர்திருத்தம். மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டினால்தான் காப்பீடு. ஒரு வருடத்தில் 3 மாதம் காட்டத் தவறினால் நீக்கம். தொடக்கத்தில் இணையம் வழியாக மட்டும்தான் காட்ட முடியும். அந்தப் போர்ட்டல் தினமும் இரவு 9 மணிக்கு மூடிவிடும், காலை 7 மணிக்குத் திறக்கும். ஆமாம், இணையதளத்துக்கு வேலை நேரம்! பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்தவன் ‘நான் வேலை செய்தேன்’ என்று சொல்ல வரும்போது கடை சாத்தியிருக்கும்.

சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். ஆய்வு செய்து பார்த்ததில், இந்த விதிக்கு உட்பட்டவர்களில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே நிபந்தனையைப் பூர்த்தி செய்தவர்கள், அல்லது விலக்குப் பெறத் தகுதியானவர்கள். வேலைவாய்ப்பும் கூடவில்லை. 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கதை அங்கே முடிந்ததா? 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் அதே 80 மணி நேரத்தை அந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களுக்கும் கொண்டுவருகிறது, 2027 தொடக்கத்துக்குள்.

இதற்கு நேர் எதிர் தாய்லாந்து. அங்கேயும் முன்பு ஏழைகளுக்கென்று தனி அட்டை இருந்தது. யார் ஏழை என்று முடிவு செய்வதில்தான் சிக்கல். தகுதியுள்ள பலரிடம் அட்டை இல்லை, தகுதியில்லாத சிலரிடம் இருந்தது. 2002இல் என்ன செய்தார்கள்? அரசு ஊழியர் திட்டம், தொழிலாளர் காப்பீடு, இந்த இரண்டிலும் இல்லாத குடிமக்கள் அத்தனை பேருக்கும் காப்பு என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு வருகைக்கு 30 பாட். வறுமையை நிரூபிக்க வேண்டிய தேவையே போய்விட்டது. ஏழை என்ற சான்று, அதைக் கொடுக்கும் அதிகாரி, அதைச் சரிபார்க்கும் இன்னொரு அதிகாரி, மூன்றும் ஒரே அடியில் காலி. எல்லோருக்கும் கொடுப்பது பெருந்தன்மை என்று மட்டும் பார்க்காதீர்கள், அதில் பெரிய காகிதச் சிக்கனம் இருக்கிறது.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1883இல் பிஸ்மார்க் காலத்திலேயே கட்டாய மருத்துவக் காப்பீடு கொண்டுவந்த நாடு. 2004இல், தேவையில்லாமல் மருத்துவரிடம் போவதைக் குறைக்கிறோம் என்று காலாண்டுக்கு 10 யூரோ கட்டணம் வைத்தார்கள். ஒரு மருத்துவரிடம் கட்டிவிட்டு அவரிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கினால் அடுத்தவரிடம் கட்ட வேண்டாம். உடனே என்ன நடக்கும்? எதற்கும் இருக்கட்டும் என்று சீட்டு வாங்கினார்கள். மருத்துவர்களின் வரவேற்பறையில் காசு வாங்குவதும் ரசீது கொடுப்பதும் கட்டாதவருக்குக் கடிதம் போடுவதுமே ஒரு வேலையாகிவிட்டது. 2012 நவம்பரில் நாடாளுமன்றம் அதை ஒருமனதாக நீக்கியது. ஒருமனதாக! சாதாரணமாக எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் அவை.

கண்ணாடிக்கதவு:

எதிர்க்கட்சியாக இங்கே நான் ஒருவன்தான் போலிருக்கிறது. தென்றல், எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் காகிதம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசை? பிரிட்டனில் 1948 ஜூலை 5இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியதிலிருந்து யாரும் ஏழ்மையை நிரூபிக்க வேண்டியதில்லைதான். அங்கேயும் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதா இல்லையா? அதே சேவை 2002இல் எல்லா மருத்துவப் பதிவுகளையும் கணினியில் இணைக்கிறோம் என்று கிளம்பி, 2011இல் கைவிட்டது. மொத்தச் செலவு ஏறக்குறைய 1,000 கோடி பவுண்டு என்று பிறகு கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கான இணையதளத்தைத் திறந்தார்கள். முதல் நாள் வெற்றிகரமாகச் சேர்ந்தவர்கள் 6 பேர். ஆறு கோடி இல்லை, ஆறு பேர்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளை எடுத்துக்கொள்ளுங்கள், சுத்தமான அரசு அமைப்பு. 14 நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2014இல் பார்த்தால் ஃபீனிக்ஸ் நகரில் கணக்கில் வராத காத்திருப்புப் பட்டியல் ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அறிக்கையில் 14 நாள், நிஜத்தில் மாதக்கணக்கு. துறை அமைச்சர் ஷின்செகி பதவி விலகினார். சரி, சீர்திருத்துவோம் என்று சட்டம் போட்டார்கள்: மருத்துவமனை 40 மைலுக்கு மேல் இருந்தால் வெளியே தனியார் மருத்துவரைப் பார்க்கலாம். அந்த 40 மைலை எப்படி அளந்தார்கள் தெரியுமா? வரைபடத்தில் நேர்கோடு போட்டு. நடுவில் மலை இருந்தாலும் ஏரி இருந்தாலும் தாண்டிப் பறந்து வர வேண்டும். சாலைத் தூரமாக மாற்ற மறு வருடம் ஆயிற்று.

இப்போது சொல்லுங்கள், இதையெல்லாம் செய்தது காப்பீட்டுக் கம்பெனியா?

மட்டுறுத்துநர்:

நடுவில் வந்த நான்கு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். கட்சிச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. கண்ணாடிக்கதவு ஆதாரத்தோடு பேசுகிறார், அவரை யாரும் ‘கம்பெனி ஆள்’ என்று சொல்ல வேண்டாம்.

தென்றல்79:

கண்ணாடிக்கதவு, ஃபீனிக்ஸ் விஷயத்தில் முழுத் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். இலக்கை வைத்தவர்கள் எண்ணைக் கேட்டார்கள், எண்ணைக் கொடுத்தார்கள். எழுத்தர் ஐயா சொன்ன நிலுவைக் கணக்கும் அதே ரகம்தான்.

ஆனால் பிரிட்டனின் வரிசை வேறு, 43இன் வரிசை வேறு. அங்கே காத்திருப்பது மருத்துவர் போதாமல், கட்டில் போதாமல். அது பணப் பிரச்சினை, சண்டை போட்டாவது பட்ஜெட்டில் தீர்க்கலாம். 43இன் அப்பாவுக்கு மருத்துவரும் இயந்திரமும் கட்டிலும் தயாராக இருக்கின்றன. குறைவது ஓர் எழுத்து.

கணினியாக்கம் எல்லாமே தோற்றதும் இல்லை. எஸ்தோனியாவில் 2010இலிருந்து மருந்துச் சீட்டு மின்னணுவில் போகிறது. அடையாள அட்டையோடு எந்த மருந்துக்கடைக்கும் போகலாம். அங்கே ஒரு கொள்கை வைத்திருக்கிறார்கள்: அரசு ஒரு தகவலை ஒருமுறைதான் கேட்கலாம். ஒரு துறையிடம் இருப்பதை இன்னொரு துறை உங்களிடம் திரும்பக் கேட்கக் கூடாது, அவர்களுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். தைவானில் 1995இல் எல்லோருக்குமான காப்பீடு வந்தது, சில வருடங்களில் ஆளுக்கொரு சிப் அட்டை. கோப்பு அட்டையோடு போகிறது, ஆள் கோப்போடு அலைவதில்லை.

43இன் விஷயத்தில் என்ன செய்தார்கள்? பழைய வரிசைக்கு முன்னால் ஒரு போர்ட்டலை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான்.

கிளெய்ம்காரன்:

ஒருமுறைதான் கேட்கலாம் என்றால் எங்கள் துறையில் பாதிப் பேருக்கு வேலை போய்விடும். நல்லதுதான்.

கண்ணாடிக்கதவு:

எஸ்தோனியா ஒரு பெருநகரம் அளவு மக்கள்தொகை உள்ள நாடு என்று சொல்ல வந்தேன். ஆனால் ‘ஒருமுறைதான் கேட்கலாம்’ என்பதற்கு மக்கள்தொகை ஒரு காரணமா என்று யோசித்தால் இல்லைதான். இதில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். இதில் மட்டும்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

நாடு நாடாகப் போய்விட்டீர்கள், தம்பிக்கு நாளைக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே.

தம்பி, மறுபடி போகும்போது வாதாட வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதுங்கள். ‘இன்ன எண்ணுள்ள விண்ணப்பம் இன்ன தேதியில் நேரில் கொடுக்கப்பட்டது. பெயரில் ஓர் எழுத்து வேறுபாடு காரணமாக ஏற்கப்படவில்லை என வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. புதுப்பித்தல் இன்ன தேதியுடன் காலாவதியாகிறது, அதன் பின் டயாலிசிஸ் தடைபடும். மறுப்பதானால் எந்த விதியின் கீழ் என்று எழுத்துப்பூர்வமாகத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ பிறந்த தேதியும் முகவரியும் இரண்டு ஆவணத்திலும் ஒன்றுதான் என்றால் அதையும் ஒரு வரி சேருங்கள். தபால் பிரிவில் கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். கவுன்ட்டரில் கொடுக்காதீர்கள், தபால் பிரிவில்.

கொடுத்ததற்குத்தான் தணிக்கை, மறுத்ததற்கு இல்லை என்றேன் அல்லவா? இந்தத் தாள் மறுத்ததையும் கோப்பில் ஏற்றிவிடும். இனி அதற்கும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது கணக்கு மாறும். இதை உள்ளே இருந்த காலத்தில் யாருக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

வரிசை எண் 43:

ஒரு வாரம் கழித்து வருகிறேன்.

ஐயா சொன்ன மாதிரியே எழுதினேன். தபால் பிரிவு மாடியில், ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். முத்திரை மை காய்ந்துபோயிருந்தது. இரண்டு தடவை ஊதிவிட்டுக் குத்தினார், தேதி மட்டும் அரைகுறையாக விழுந்தது. இன்னொரு தடவை குத்தச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “யார் சொல்லிக் கொடுத்தது?” என்றார். தெரிந்தவர் ஒருவர் என்றேன். சிரித்துக்கொண்டே மறுபடி குத்திக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் போன் வந்தது, கண்ணாடிக்குள் இருந்த அதே அம்மா. “ஐயாவை அலைக்கழிக்க வேண்டாம், நீங்க மட்டும் வந்தாப் போதும்” என்றார். போனேன். கோப்பைத் திறந்து காட்டினார். என் தாள் மேலே இருந்தது. அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘பயனாளி நேரில் வந்திருந்தார். பிறந்த தேதி, முகவரி ஒத்துள்ளன. எழுத்து வேறுபாடு தட்டச்சுப் பிழை எனக் கருதலாம்.’ மேலதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது.

வெளியே வரும்போது அந்த அம்மா கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: “இந்த மாதிரித் தாள் கொடுக்கலாம்னு மத்தவங்களுக்கும் சொல்லலாமா?” நீங்களே சொல்லுங்களேன் என்றேன். “நான் சொல்லக் கூடாது” என்றார்.

பின்வரிசை:

மகிழ்ச்சி! அப்பாவுக்கு என் வணக்கம். அந்தத் தாளுக்குப் படிவ எண் ஏதாவது உண்டா? அத்தைக்கு வேண்டும்.

வரிசை எண் 43:

படிவம் எதுவும் இல்லை, வெறும் வெள்ளைத்தாள்தான்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

நகல் வைத்திருக்கிறீர்களா தம்பி? அடுத்த வருடமும் கேட்பார்கள்.

வரிசை எண் 43:

மூன்று வைத்திருக்கிறேன் ஐயா.